பூக்கடை வீட்டார் யானை பார்க்கப் போனது

நம் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் யானையைக் கோயில் வாசலில்தான் பார்த்திருப்போம். அது தும்பிக்கையைத் தலையில் வைக்கிறபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்போம் என்பதால், பார்த்தோம் என்று துணிந்து சொல்லவும் முடியாது. சங்கிலி இல்லாத யானையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் ஆசைப்பட்டது யார் என்று கேட்டால், இப்போதும் எல்லோரும் பெரியப்பாவைத்தான் சொல்வார்கள். வேன் பிடித்தது அவர், காட்டிலாகா ரேஞ்சு ஆபீசில் ஆள் பிடித்துச் சொல்லி வைத்ததும் அவர். ஆனால் ஆசைப்பட்டது சித்தி. அதைக் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பு முடிந்து முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து கமிஷன் கடை வைத்திருந்தார்கள். வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். கோடையில் மல்லிகை எப்படிக் கொட்டும் என்று பூக்காட்டுப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்குள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விற்றது போக மீந்தது ஈரச்சாக்கில் சுற்றி எங்கள் வீட்டுக்கு வரும். மொட்டு வாய் திறப்பதற்குள் கட்டி முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். பெரியம்மா, அம்மா, சித்தி மூன்று பேரும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டுவார்கள். வீடு முழுக்க ஈரச்சாக்கு வாடை, வாழை நார் வாடை. மல்லிகை வாசம் எங்கள் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு "ஒங்கிட்ட எப்பவும் கல்யாண வீட்டு வாடை அடிக்குதுடி" என்பாள். எனக்கு அது புரிந்ததே இல்லை.

சித்தி என்று நான் சொல்வது சித்தப்பாவின் மனைவியை. வத்தலக்குண்டு ரோட்டில் லாரி மோதி சித்தப்பா போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். சித்திக்கு இருபத்தாறு வயது இருக்கும். பிள்ளை கிடையாது. பிறந்த வீடு குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்" என்று பெரியம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அதில் பொய்யில்லை என்றுதான் அன்று நினைத்தேன். மற்ற இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகிற பூவைச் சித்தி ஒருத்தி கட்டினாள், மூன்று வேளைச் சமையலும் அவள் கையில்தான் இருந்தது என்பதையெல்லாம் கணக்குப் பார்க்க எனக்கு அப்போது வயது போதவில்லை.

சித்தி கட்டிய சரம்தான் பூஜை அறைக்குப் போகும், ஏனென்றால் அதில்தான் நெருக்கமும் சீரும் இருக்கும். அவள் கட்டினால் சாமிக்கு ஆகும். அவள் தலைக்குத்தான் ஆகாது. இதை யாரும் அவளிடம் சட்டமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம் ஒன்று உண்டு. அந்தச் செத்த நேரத்தில் சித்தி என்னைக் கண்ணால் கூப்பிடுவாள். சாமான் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைப்பாள். அங்கே தகரக் காலுள்ள வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது, சித்தப்பா முகம் மழிக்க வைத்திருந்தது. அதைப் பருப்பு டின் மேல் நிறுத்தி, அரை முழம் பூவை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொள்வாள்.

"இருபது எண்ணு" என்பாள்.

நான் வாசற்படியில் காவலுக்கு நின்று எண்ணுவேன். அவள் ஒரு பக்கம் திரும்பிப் பார்ப்பாள், மறு பக்கம் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். இருபது முடிந்ததும் அந்தப் பூவை எடுத்து என் பின்னலில் வைத்துவிடுவாள். கசங்கிய பூ என் தலையில் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? சில நாள் நான் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு நிற்பேன். "போதும்டி கழுதை" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே சிரிப்பாள்.

அந்த அறையில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. அதில் காட்டுக்குள் நடந்து போகிற யானைக் கூட்டம். சித்தி பத்தாவது வரை படித்தவள். "அம்புட்டுப் பெரிய உருவம், பஞ்சு மேல நடக்குற மாதிரி சத்தமே வராதாம்ல. ஒரு தடவை நேர்ல பாத்துறணும்" என்றாள் ஒரு நாள். அதை நான் என் ஆசையாக ஆக்கிக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் அழுதேன். கடைக்குட்டி அழுதால் அவருக்குத் தாங்காது. அந்த வருஷம் பூ வியாபாரமும் நன்றாக இருந்ததால், ஆனைமலைக் காட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. காலையில் நிலக்கோட்டைப் பக்கமிருந்து எங்கள் கடைக்குப் பூ மூட்டை கொண்டு வருகிற வேனையே பேசினார்கள், டிரைவரும் அவரேதான். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகன்கள் இரண்டு பேர், அப்பா, அம்மா, நான், சித்தி. சித்தியையும் கூட்டிப் போனது ஏனென்று யோசித்திருக்கிறேன். எட்டுப் பேருக்குப் புளிச்சோறும் தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் கட்டி எடுத்துவந்து பரிமாற ஆள் வேண்டுமே.

இனி நாங்கள் செய்த கோமாளித்தனத்தைக் கேளுங்கள். பூக்கடைக்காரர்கள் எங்கே கிளம்பினாலும் பூவோடுதான் கிளம்புவார்கள். வேன் முன்னால் ஒரு ஆள் உயரத்துக்கு மாலை. பெரியம்மா தலையிலும் அம்மா தலையிலும் நாலு நாலு முழம். எனக்குப் பின்னல் முழுக்கச் சுற்றி இரண்டு முழம். போகிற வழிக் கோயில்களுக்கென்று வயர் கூடை ஒன்று நிறையச் சரம். உள்ளே ஏறிய டிரைவரே ஜன்னலைத் திறந்துவிட்டார். இப்படி மணக்க மணக்கத்தான் நாங்கள் காட்டு மிருகம் பார்க்கப் போனோம். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் வாசமே தெரியாதே.

ரெக்சின் சீட்டு தொடையில் ஒட்டியது. நானும் சித்தியும் கடைசி சீட்டு. எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்துவிட்டு அவள் சோற்றுப் பாத்திரம் சாயாமல் காலால் அணைத்துக்கொண்டு வந்தாள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மலை தெரியத் தொடங்கியது. பழனியை இறங்காமல் தாண்டுவது எங்கள் வீட்டில் நடக்காது. அடிவாரத்தில் வேனை நிறுத்தி, எல்லோரும் இறங்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பெரியப்பா எங்களுக்கு நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் பைனாகுலர் வாங்கித் தந்தார். அதில் பார்த்தால் மலை கிட்டே வராது, தூரமும் போகாது. கொஞ்சம் நீலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் தேங்காய் பழம் வாங்கப் போன நேரத்தில் சித்தி வேனுக்குப் பின்னால் நின்று பாத்திரத்து மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் என் பின்னலிலிருந்து பூவை இழுத்து, நாரைப் பல்லால் கடித்து, ஒரு சாண் துண்டைப் பிய்த்து அவளிடம் நீட்டினேன்.

"எதுக்குடி?"

"ஆனை வரும்போது வச்சுக்குங்க சித்தி. எல்லாரும் ஆனையத்தான் பாப்பாங்க. ஒங்கள யாரும் பாக்க மாட்டாங்க."

சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "இம்புட்டு மூளைய எங்கடி வச்சிருந்த" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பூவைக் கைக்குட்டைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். யோசனை என்னுடையது. பூவும் என்னுடையது. இதை உங்கள் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை.

பொள்ளாச்சி தாண்டி, செக்போஸ்ட்டில் எழுதிக் கொடுத்து, காட்டுக்குள் ஏறியபோது பதினொரு மணி இருக்கும். மூங்கில் காய்ந்து கிடந்தது. ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தச் சொன்னார்கள். அங்கிருந்து அரை மைல் நடந்தால் ஒரு குட்டை. கோடையில் தண்ணீர் குடிக்க மிருகங்கள் அங்கேதான் வரும். எங்களைக் கூட்டிப்போகக் காட்டிலாகா வாட்சர் ஒருவர் வந்தார். மலைக்காரர். வெளுத்த காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. வேனுக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, கல்யாணத்துக்குப் போற வழியில வந்தீங்களா?" என்றார்.

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. வாட்சர் எங்கள் தலைகளைக் காட்டினார்.

"பூவெல்லாம் வண்டியிலயே வச்சுட்டு வரணும்ங்க. காத்து குட்டைப் பக்கம் அடிக்குதுங்க. இந்த வாசம் போச்சுன்னா ஆனை காட்டுக்குள்ள போயிரும். இல்லீன்னா என்னடான்னு தேடிக்கிட்டு வந்துரும். ரெண்டுமே நமக்கு ஆகாதுங்க."

பெரியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லாருக்கே. தாலி கட்டுனவ தலையில இருந்து பூவ எடுக்கச் சொல்றதா? அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ஆனையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் வண்டியிலயே இருக்கேன்."

வாட்சர் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாதான் ஒரு வழி சொன்னார். எடுத்து எறிந்தால்தானே தோஷம்? புருஷன் கையில் கொடுத்து வைத்தால், கொடுத்து வைத்ததுதானே. திரும்பி வந்ததும் அவர் கையாலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெரியம்மா இரண்டு நிமிஷம் யோசித்துச் சம்மதித்தாள். பெரியப்பா இரண்டு கையையும் ஏந்தி நிற்க, பெரியம்மா பூவை எடுத்து அதில் வைத்தாள். அம்மா அப்பாவின் கையில் வைத்தாள். என் பூவை அம்மாவே எடுத்தாள். எல்லாம் கூடைக்குள் போய், மேலே ஈரத்துண்டு போட்டு மூடப்பட்டது. ஒரு சின்னச் சடங்கு மாதிரிதான் இருந்தது. எங்களுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சித்தி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தாள். அவளிடம் எடுக்கப் பூ இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கை இடுப்புக்குப் போனதையும் திரும்பி வந்ததையும் நான் பார்த்தேன். யார் கையில் கொடுப்பாள்?

நடந்தோம். சருகு சத்தம் போடாமல் நடக்க வாட்சர் சொல்லிக் கொடுத்தார். நூறு அடி போயிருப்போம், வேன் இன்னும் மரங்களுக்கு நடுவே தெரிந்தது, கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார்.

"இன்னும் பூ இருக்குங்க. யாருகிட்டயோ இருக்குது."

பெரியப்பா என் அண்ணன்மார் சட்டைப் பைகளைத் தடவினார். பெரியம்மா கொண்டையை அவிழ்த்து உதறிக் காட்டினாள். வாட்சர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கோபமே படாமல், "இப்படியே போனா ஒண்ணும் பாக்க முடியாதுங்க. வேணும்னா திரும்பிரலாம். குட்டையில ஆனை நிக்குதுன்னு இப்பத்தான் ஆளு சொல்லிவுட்டான், அதான் சங்கடமா இருக்குது" என்றார்.

ஆனை நிற்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி வந்து, நின்றுகொண்டிருக்கிற யானையைப் பார்க்காமல் திரும்புவதா? சித்தியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணால் எதுவும் சொல்லவில்லை, சும்மா பார்த்தாள். நான் எதையும் யோசிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். யோசித்தேன். சித்தியா, யானையா என்று நன்றாகத் தெரிந்தே ஒரு நொடி யோசித்தேன்.

"சித்திகிட்ட இருக்கு" என்றேன்.

வாட்சருக்கு எங்கள் வீட்டு விவகாரம் என்ன தெரியும்? முகம் மலர்ந்து கையை நீட்டினார். "குடுத்துருங்க அம்மிணி, நான் கொண்டுபோய் வண்டியில வச்சுட்டு வந்தர்றேன்."

சித்தி கைக்குட்டையை எடுத்தாள். பிரிக்காமலேயே கொடுத்திருக்கலாம். அதற்குள் பெரியம்மா பிடுங்கிப் பிரித்தாள். ஒரு சாண் மல்லிகை, வேர்வையில் நனைந்து பழுப்பேறிக் கிடந்தது.

"இது ஏது?"

சித்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? யாரு குடுத்தா ஒனக்கு?"

நான் என் பின்னல் நுனியைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். என் பின்னல் பூவில் ஒரு சாண் குறைவதை அம்மா எடுக்கும்போது கவனித்திருக்க வேண்டும். கவனித்தாளோ என்னவோ, அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா ஒரு மரத்தின் உச்சியில் எதையோ தேடினார்.

"நானேதாங்க்கா எடுத்தேன். கூடையில இருந்து" என்றாள் சித்தி.

"எதுக்கு? யாரு பாக்குறதுக்கு?"

பெரியப்பா தம்பி மனைவியோடு நேரடியாகப் பேசமாட்டார். அது எங்கள் பக்கத்து மரியாதை. அப்பாவின் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைய வேன்ல போய் இருக்கச் சொல்லுடா. ஊருக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார். அப்பா எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. சித்தி அந்தக் கைக்குட்டையை வாங்கிக்கொண்டு வந்த வழியே தனியாகத் திரும்பி நடந்தாள். "நானும் கூடப் போறேன்" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் வேனை எட்டும் வரை நேரம் இருந்தது.

யானைகளைப் பார்த்தோம். பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பஞ்சு மேல் நடப்பது போல, சத்தமே இல்லாமல் என்று அதில் ஒரு வரி இருந்தது. யார் வாயிலிருந்து வந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். மீதி எல்லாம் காலண்டரைப் பார்த்து எழுதியது.

குட்டையிலிருந்து திரும்பி வந்தபோது சித்தி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் தள்ளி ஒரு பாறையில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா டிரைவரைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், மறுபடி டிரைவரைப் பார்த்தாள். பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வர எவ்வளவு குறைந்த சாட்சி போதும் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. நான் வேனில் ஏறி, முன்னால் பெரியம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன். பெரியம்மா என்னை அணைத்துக்கொண்டாள். உண்மை சொன்ன பிள்ளையல்லவா. பெரியப்பா கூடையைத் திறந்து பெரியம்மாவின் பூவை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். வழியில் ஓர் ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். சித்திதான் பரிமாறினாள். என் இலையில் புளிச்சோறு வைத்தபோது, நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீல பைனாகுலரை அங்கேதான் எங்கோ விட்டுவிட்டு வந்தேன்.

அந்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. டிரைவர்தான் பூ கொடுத்திருக்கிறான், மூட்டை இறக்க வருகிற சாக்கில் பழக்கம் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அந்த மனிதரின் பெயர்கூடச் சித்திக்குத் தெரிந்திருக்காது. அவர் வேன் அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. சித்தியின் அண்ணனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, பேச்சே இல்லாமல் ஒரு டிரங்குப் பெட்டியையும் தங்கையையும் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏற்றிப் போனார். உடம்பு சரியில்லை, ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வட்டக் கண்ணாடி பெட்டியில் போயிருக்க வேண்டும், அப்புறம் அதைப் பார்க்கவில்லை.

பெரியம்மா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள். "ஏண்டி, அவகிட்டப் பூ இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"வாசம் வந்துச்சு" என்றேன்.

பூக்கடை வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வாசம் வந்ததாம். அந்த வீட்டில் யாருக்கும் மல்லிகை வாசம் வராது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் நம்பினாள். நம்பினால் வசதியாக இருந்தது. அன்று அவள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்துபோய்ச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் அவள் மேல் பழியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

நமக்கெல்லாம் வயதாக ஆக, செய்த தப்புகள் கொஞ்சம் மங்கும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. தலை நிறையப் பூ வைத்து மணையில் உட்கார்ந்திருந்தபோது தலை கனத்தது. சித்திக்குப் பத்திரிகை அனுப்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "ஒன் பூவுல ஒரு சாண் கொறஞ்சுச்சு. அப்பவே தெரியும். நான் வாயைத் தொறந்திருந்தா எனக்கு அந்த வீட்டுல என்ன மருவாதி இருந்திருக்கும், சொல்லு" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்ன யோக்கியதையில் திட்டுவது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு, என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போதுதான் குஜிலியம்பாறைக்குப் போனேன். சித்தி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்தாள். சனிக்கிழமை, வீட்டில் இருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். சிரித்தபோது ஒரு பல் இல்லை. தலையில் பூ இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இல்லை.

"வா வா. ஒன் மகளா? ஒன்னைய உரிச்சு வச்சிருக்கா" என்று மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். டீ போட்டாள். அண்ணன் செத்துப்போனதையும், அவருடைய பையனைத் தான் படிக்க வைப்பதையும் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முட்டை போடுகிற நாளில் மட்டும் எப்படித் தவறாமல் வருகிறார்கள் என்று நடித்துக் காட்டினாள். என் மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் டீ மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

"சித்தி, அன்னைக்கு அந்தப் பூவ நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். பதினைந்து வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். சொன்னதும் அழுதுவிட்டேன்.

சித்தி ஆறின டீயை என் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள். "சொல்லியிருந்தா ஒனக்கு ரெண்டு அடி விழுந்திருக்கும். எனக்கு என்ன கொறஞ்சிருக்கப் போகுது? அவுங்களுக்கு அந்தப் பூ இல்லேன்னா வேற ஒண்ணு கெடச்சிருக்கும். அதையா இம்புட்டு நாளா சொமந்துக்கிட்டுத் திரியுற?"

"சித்திகிட்ட இருக்குன்னு நான்தான சொன்னேன்."

"சின்னப் பிள்ளை. ஆனை பாக்கணும்னு ஆசை. எனக்கே அம்புட்டு ஆசை இருந்துச்சே, ஒனக்கு இருக்காதா." முந்தானையால் என் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். மன்னித்துவிட்டாள், இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள், கோபமோ குறையோ எதுவும் இல்லாத குரலில்.

"நீங்கள்லாம் திரும்பி வந்தப்ப, நீ எங்கிட்ட ஓடி வருவேன்னு நெனச்சேன். ஆனை எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுவேல்லன்னு. நீ ஒக்கார்றதுக்காக சீட்டுல இருந்த பையை எல்லாம் எடுத்துக் கீழ வச்சுட்டு ஒக்காந்திருந்தேன். நீ முன்னாடி போயி ஒக்காந்துட்ட."

பூ கொடுத்ததை, காட்டிக் கொடுத்ததை, வாய் திறக்காமல் நின்றதை எல்லாம் எத்தனையோ முறை எண்ணி எண்ணி அழுதிருக்கிறேன். காலியாக இருந்த அந்த சீட்டை ஒரு நாளும் நினைத்ததில்லை. திண்டுக்கல் வரைக்கும் நாலு மணி நேரப் பயணம். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, அழாத. பிள்ளை பாக்குறா" என்றாள் சித்தி. காலை நீட்டி, மகளைத் தொடை மேல் உட்கார்த்தி, சுவரில் சாய்ந்துகொண்டாள். "இப்பச் சொல்லு, கேப்போம். எத்தனை ஆனை நின்னுச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நாளில் யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். குட்டைக் கரையை நினைத்தால் பெரியப்பாவின் தோளும், அவர் சட்டைக் காலரும்தான் வருகின்றன. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எதற்காக அவளை விற்றேனோ அதை நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

"ஏழு சித்தி" என்றேன். "ஒரு குட்டியும் இருந்துச்சு."

"குட்டியா?" சித்தியின் முகம் விரிந்தது. மகளைக் குலுக்கி, "குட்டியாம்டி" என்றாள். "எம்புட்டு ஒசரம் இருந்துச்சு?"

தரையிலிருந்து கையைத் தூக்கி, காற்றில் ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினேன். சித்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.